கைதானவன் கையில் காகிதம் எங்கே?

பிரட்டுக் களத்தில் ஒரு தொழிலாளி, "கிராணியாரே, போன மாதம் என் பேரில் இரண்டு நாள் குறைகிறதே" என்று கேட்டால் நான் என்ன செய்கிறேன்? செக்ரோலை எடுத்துவந்து அவர் முன்னால் விரிக்கிறேன். எழுதியது என் கை, கணக்கு அவருடையது. இரண்டு நாள் கூலிக்கே இந்த நியாயம் உண்டென்றால், ஒருவனைப் பல வருஷம் சிறையில் தள்ளக்கூடிய வழக்குக் காகிதங்களை அவன் பார்க்க வேண்டாமா?

இது நமக்குப் புதிய கேள்வியல்ல. 1941 மே மாதம், கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது ஆர். எச். நாதன் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை. காட்ட வேண்டிய காகிதம் என்ற பேச்சே எழவில்லை.

இன்று சட்டம் அப்படியில்லை. 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ பிரிவின்படி, விசாரணை தொடங்குமுன் முதல் போலீஸ் புகாரின் நகல், சாட்சியமாக வைக்கப்போகும் பத்திரங்கள், எதிரிக்குச் சாதகமான விவரங்கள் ஆகியவற்றைப் பிராசிகியூஷன் தரப்பு கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பொது நலனுக்கு விரோதம் என்று சொல்லிச் சாதகமான விவரத்தை மறைக்க அதிலேயே ஓர் இடுக்கு இருக்கிறது.

2012ல் வந்த சோஸ்மா சட்டமோ இடுக்கு வைக்கவில்லை, வாசலையே திறந்துவிட்டது. இரகசியத் தகவல் என்று சொல்லி, 51ஏ கடமையிலிருந்து விலக்குக் கேட்டு, எதிர்த்தரப்பை அழைக்காமலே பிராசிகியூட்டர் நீதிபதியிடம் மனுச் செய்யலாம் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. ஜாமீனுக்கும் அநேகமாக வழியில்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேர் இதே சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் அடக்கம். தண்டனை கிடைக்கும் வாய்ப்பில்லை என்று அட்டர்னி ஜெனரல் டாமி தாமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது 2020 பிப்ரவரியில். அந்த நான்கு மாதத்தை அவர்கள் வீட்டாருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

துப்புக் கொடுத்தவன் உயிருக்கு ஆபத்து வராதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் 2009ல் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆளைக் காப்பாற்றுங்கள். காகிதத்தை மறைப்பதானால், எதிரியின் வழக்கறிஞர் பேச்சையும் கேட்டபிறகு நீதிபதி முடிவு செய்யட்டும்.

பெரிய வழக்குகள் கிடக்கட்டும். போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் ஆபீஸ் படிக்கட்டில் நம் அங்கத்தினர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் பால் வெட்டியவர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். திருட்டு விவகாரம் ஒன்றில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். "அதில் என்ன எழுதியிருக்கிறது அண்ணே?" என்று கேட்டேன். "தெரியாது தம்பி. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்" என்றார்.

வாக்குமூலத்தை, சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அதே மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தவும் இடம் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று 112ஆம் பிரிவு சொல்லுகிறது. இதைத் தோட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? கிளைக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இதை வாசித்துக் காட்டட்டும். சோஸ்மா 8ஆம் பிரிவை நீக்கக் கோரும் தீர்மானத்தையும் அன்றே நிறைவேற்றித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். தமிழிலும் மலாயிலும் நகல் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கிராணிமார் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.