விளையாடினால் மட்டும் போதுமா?

இரவு 10 மணி. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த வாலிபர்கள் நால்வர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். நால்வரும் ஒரே அணி. எதிரில் சண்டை போடுகிறவர்கள் எந்த ஊரோ, யார் கண்டது? ஒரே ஆட்டத்தில் 100 பேர்!

இந்த ஆட்டத்தை ஆக்கியவர்கள் யார்? தென் கொரியாவின் கிராப்டன் கம்பெனி. 'பப்ஜி மொபைல்' ஆட்டத்தை 2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தடை செய்தது. 2021 ஜூலையில் கிராப்டன் இந்தியாவுக்கென்றே 'பி.ஜி.எம்.ஐ.' என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்தது. ஆடுவது நம் பிள்ளைகள்; ஆக்குவது அந்நியர்கள். இந்த நிலை மாற வேண்டாமா?

மாற வேண்டும். மாற்றவும் முடியும். அதற்குரிய வழி வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்குப் பழகிய வழிதான்.

கூலிக்குப் பதனிடுவது போல

தோல் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் சொந்தத் தோல் ஷாப்பு இருப்பதில்லை. பச்சைத் தோலை வாங்குவார்கள். இன்னொருவர் ஷாப்பில் கொடுத்து, கூலி கட்டிப் பதனிட்டு வாங்குவார்கள். டிரம்முக்கும் தொட்டிக்கும் முதல் போட வேண்டியதில்லை.

'கிளவுட்' என்பதும் இதுதான். மேகம் என்று பெயரே தவிர, வானத்தில் ஒன்றும் இல்லை. பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, வேண்டியவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மைக்ரோசாப்ட் 2015-ம் ஆண்டிலேயே சென்னையில் இந்த வசதியைத் தொடங்கிவிட்டது. அமேசான் 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஐதராபாத்திலும் தொடங்கியது.

விளையாட்டுக்கு இது எதற்கு? பலர் கூடி ஆடும் ஆட்டத்துக்கு நடுவர் வேண்டும். யார் முதலில் சுட்டார், யார் தப்பினார் என்பதை ஒரு கம்ப்யூட்டர்தான் தீர்ப்பு செய்கிறது. ஒவ்வொரு வினாடியும் பல முறை எல்லோருடைய செல்போனுக்கும் அது சேதி அனுப்புகிறது. நடுவர் அமெரிக்காவில் இருந்தால் சேதி போய்வரவே கால் வினாடி ஆகும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்! நடுவர் சென்னையில் இருந்தால் ஆம்பூர்ப் பிள்ளைக்கும் நியாயம் கிடைக்கும்.

கூட்டமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் 100 பேர். பண்டிகை இரவில் 10,000 பேர். 2016-ல் 'போக்கிமான் கோ' வெளிவந்தபோது, எதிர்பார்த்ததைப்போல் 50 மடங்கு கூட்டம் வந்து மோதியது. கூகிளின் வாடகைக் கம்ப்யூட்டர்களைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் சமாளித்தார்கள். சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாங்கி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்திருக்கும்.

பணத்துக்குப் பஞ்சமில்லாத கிராப்டனே 2020 நவம்பரில் மைக்ரோசாப்டின் கிளவுட் வசதிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரிய கம்பெனியும் வாடகைக்குத்தான் எடுக்கிறது. அதே போலச் சிறிய குழுவும் வாடகைக்கு எடுக்கலாம். முன்பு கோடி ரூபாய் இல்லாதவன் இந்தத் தொழிலில் நுழைய முடியாது. இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கணக்கு முக்கியம்

ஆனால் வாடகை வாடகைதான். யாரும் ஆடாத நேரத்திலும் கம்ப்யூட்டரை நிறுத்த மறந்தால் பில் ஏறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் சேதிகளின் அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. செலவு இவ்வளவு தாண்டினால் எச்சரிக்கை வரவேண்டும் என்று முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளாதவன் கடனாளி ஆவான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 அக்டோபர் 20-ந் தேதி அமெரிக்காவில் அமேசான் கிளவுடில் கோளாறு ஏற்பட்டது. 'போர்ட்நைட்', 'ரோப்லாக்ஸ்' போன்ற பிரபல ஆட்டங்கள் தடைப்பட்டன. ஒருவர் ஷாப்பை மட்டும் நம்பியவன் கதி இதுதான். தேவைப்பட்டால் வேறு இடத்துக்கு மாறக்கூடியபடி ஆட்டத்தை அமைக்க வேண்டும். அதற்கு உதவும் 'அகோன்ஸ்' என்ற ஏற்பாட்டைக் கூகிளும் யூபிசாப்டும் 2018-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. டிரம் யாருடையதாகவும் இருக்கலாம். பதனிடும் பக்குவம் நம்முடையதாக இருக்க வேண்டும்!

செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் இந்த வட்டாரம் பாதி பதனிட்ட தோலைத்தான் சீமைக்கு அனுப்பியது. லாபம் அங்கே போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் சர்க்கார் அந்த ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. முழுத் தோலும், ஷூவும், செருப்பும் இங்கேயே செய்யும் தொழில் வளர்ந்தது. இன்று ஆம்பூர் ஷூ உலகச் சந்தையில் நிற்கிறது. விளையாட்டில் மட்டும் நாம் இன்னும் பச்சைத் தோல் நிலையிலேயே இருக்கலாமா?

சட்டமும் வழி காட்டியிருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் பல குடும்பங்களைப் பாழாக்கின. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் அவற்றுக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. அதே சட்டம், பணப் பந்தயம் இல்லாத நல்ல ஆட்டங்களை வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. தடை செய்வது பாதி வேலை. நல்லதை ஆக்கிக் காட்டுவது மீதிப் பாதி.

வேலூரில் வி.ஐ.டி. இருக்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி இருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவருக்குப் பாடத்தோடு பாடமாக, ஒரு சிறிய ஆட்டத்தை ஆக்கி, வாடகைக் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் நடத்தி, பில்லையும் கணக்குப் பார்க்கச் சொல்லலாம். அந்த வாடகையைச் சர்க்கார் கொடுக்கலாம். தோல் தொழிலில் வளர்ந்த செல்வந்தர்களும் கொடுக்கலாம். கல்விக்குக் கொடுத்துப் பழகிய வட்டாரம்தானே இது!

திண்ணையில் உட்கார்ந்து ஆடுகிற நால்வரில் ஒருவனாவது, "இதை நான் ஆக்கினால் என்ன?" என்று கேட்க வேண்டும். கேட்கிறவனுக்கு வழி காட்ட ஊரில் ஆள் இருக்க வேண்டும். பெரியவர்கள் முன்வருவார்களா?