விதியும் பலகையும்

சதுரங்கம் பயில வரும் மாணவனுக்கு முதலில் வழங்கப்படுவது பலகையன்று, விதிப்பட்டியலே. குதிரையை ஓரத்தில் நிறுத்தாதே, ராணியை முந்தி வெளியேற்றாதே, நடுவைக் காலாட்களாற் பிடி என்பன அதன் சாரம். அவன் மனனஞ் செய்கிறான், ஏனென்று வினவுவதில்லை. (நம் விரிவுரைக் குறிப்புகளின் கதியும் இதுவே.)

காரணமோ எண்ணியறியத்தக்கது. நடுவிலுள்ள குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலைக்குதிரை இரண்டையே தாக்கும். எண்ணிக் கண்டவன் விதியை எப்போது மீறலாமென்பதையும் அறிவான். எண்ணாதவன், ஓரத்திலிருந்தே ஆட்டத்தை வெல்லவல்ல குதிரையையும் அஞ்சிப் பின்னிழுப்பான்.

புத்தளக் கரையோரத்தார்க்கு இது புதிதன்று. தென்மேற்பருவக் காற்றிற் கடலிறங்காதே என்பது இங்கு விதி. அதனை மட்டும் கற்றவன் மே முதற் செப்டெம்பர் வரை வலையைச் சுருட்டிவைத்திருப்பான். காற்றின் இயல்பறிந்த மீனவரோ கீழைக்கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்வர். அக்காலத்தில் அங்கே கடல் அமைதி.

தாராஷ் வற்புறுத்திய விதிகளையே நிம்சோவிச் எதிர்த்து, காலாட்களின்றியும் நடுவைத் தொலைவிலிருந்து அடக்கலாமென்று காட்டினார். மேனாட்டு நூற்பயிற்சி மிகக் குறைந்த பஞ்சாபியரான சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானியப் பட்டம் வென்றார். தொடக்க ஆட்டத்தில் அவர் இடறியதுண்டு, அதனை மறுக்கவில்லை.

தொடக்கநிலையோர்க்கு விதி ஊன்றுகோலன்றோ என்பர். ஆகுக. ஆயின், அதனைக் கையிற் கொடுக்குமுன் ஆசிரியர் வெறும் பலகையின் மூலையில் ஒரு குதிரையை வைத்து, கட்டங்களை எண்ணுமாறு மாணவனைப் பணிக்கட்டும்.