மொட்டை மாடியில் மர டெக்: வார்னிஷ் உரியும், ஸ்டெயின் ஊறும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு வரும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் பெரும்பாலும் மரப் பேலட்டுகளின் மேல் ஏறித்தான் வருகின்றன. சரக்கை இறக்கியதும் அந்தப் பேலட்டுகள் பழைய மரக்கடைக்குப் போய்விடும். தேக்கு விலையைக் கேட்டு மலைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பைன் பலகைகள் பெரிய ஆறுதல். மொட்டை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து காற்று வாங்க, அதிலேயே ஒரு மர மேடை போட்டுவிடலாம். அதைத்தான் இப்போது 'டெக்' என்கிறார்கள்.

ஆனால், ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் கடந்ததும் பல வீடுகளில் அந்த டெக் வெளுத்து, தோல் உரிந்து, காலில் சிராய் ஏறும் நிலைக்கு வந்துவிடுகிறது. பழி மரத்தின் மேல் விழுகிறது. பல நேரம் தவறு மரத்தில் இல்லை, அதன் மேல் பூசியதில் இருக்கிறது.

முதலில் முத்திரையைப் பாருங்கள்

வெளிநாடு போய்வரும் பேலட்டுகளில் ஐ.எஸ்.பி.எம் 15 என்ற சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் 'ஹெச்.டி' என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடங்கள் சூடேற்றிப் பூச்சிகளைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். 'எம்.பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தப்பட்ட மரம். குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறை படிந்தது, ரசாயன வாடை வீசுவது எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சூடேற்றிய மரம் என்பதற்காக அதைக் கரையான் இனி தொடாது என்று அர்த்தமில்லை. பலகையின் அடிப்பக்கத்திலும் கரையான் தடுப்பு மருந்து அடித்து, அது காய்ந்த பிறகே மேடையைப் பூட்ட வேண்டும். மேடை தரையில் ஒட்டாமல் சிறு கட்டைகளின் மேல் நிற்கட்டும். மழைநீர் போகும் குழாய் வாயை மேடை அடைத்துவிடக் கூடாது.

வார்னிஷ் ஏன் தோற்கிறது?

வார்னிஷ் மரத்தின் மேல் கண்ணாடி போல ஒரு படலமாக உட்காருகிறது. வீட்டுக்குள் இருக்கும் கட்டிலுக்கும் பூஜை அறைக் கதவுக்கும் அது சரி. வெயிலில் கிடக்கும் மரமோ சூட்டில் சுருங்கும், மழையில் உப்பும். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் படலம் விரிசல் விடும். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை உளுக்க வைக்கும். மறுபடி பூச வேண்டுமென்றால் பழைய படலம் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

டெக் ஸ்டெயின் அப்படியல்ல. அது மரத்துக்குள் ஊறுகிறது. நாளாக நாளாக நிறம் மங்குமே தவிர, தோலாக உரியாது. கழுவி, லேசாகத் தேய்த்து, மேலேயே இன்னொரு கோட் கொடுத்தால் போதும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. தென்னிந்தியக் கடற்கரைகளில் மரப் படகுகளுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் தடவியவர்கள் மரத்தை ஊற வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

கடையில் எதைக் கேட்பது?

'வுட் ஸ்டெயின்' என்று மட்டும் கேட்டால், வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு நிறம் ஏற்றும் ஸ்டெயினைக் கொடுத்துவிடக்கூடும். அதற்கு நிறம் உண்டு, பாதுகாப்பு இல்லை. 'எக்ஸ்டீரியர் டெக் ஸ்டெயின்' என்று கேட்டு, டப்பாவில் 'எக்ஸ்டீரியர்' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிறமே இல்லாத கிளியர் வகையை நம்ப வேண்டாம். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பதால்தான் மரம் சாம்பல் நிறமாகிறது. அந்தக் கதிரைத் தடுப்பது ஸ்டெயினில் உள்ள நிறமித் துகள். நிறம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். ஆனால், ரொம்பக் கறுத்த நிறம் சித்திரை வெயிலில் வெறுங்காலைச் சுட்டுவிடும். மர ரேகை தெரிகிற, தேன் அல்லது தேக்கு நிறத்து 'செமி டிரான்ஸ்பரன்ட்' வகை நம் மாடிக்குப் பொருத்தம்.

பூசும் முறை

* ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை, மாசியில் பூசுவது நல்லது. காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். பலகை சுட்டால் ஸ்டெயின் ஊறுவதற்குள் மேலேயே காய்ந்துவிடும்.
* பழவேற்காடு போலக் கடல் காற்று அடிக்கும் ஊர்களில் மரத்தின் மேல் உப்பு படியும். நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.
* முதலில் 80, அடுத்து 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஸ்டெயின் உள்ளே இறங்காது.
* பலகையில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சினால் மரம் தயார். முத்து போல நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும்.
* துண்டுப் பலகையில் நிறத்தைச் சோதியுங்கள். பைன் மரம் திட்டுத் திட்டாக உறிஞ்சும்.
* இரண்டு மூன்று டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். அப்போதுதான் நிறம் மாறாது.
* ரேகையின் போக்கிலேயே, ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அறுத்த முனைகள்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். அங்கே கூடுதலாகக் கொடுங்கள்.
* எண்ணெய் வகை என்றால், 10 முதல் 15 நிமிடத்தில் ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். எத்தனை கோட் என்பதற்கு டப்பாவில் உள்ள குறிப்பே கணக்கு.

துடைத்த துணி எங்கே?

ஆளி விதை எண்ணெய் போன்றவை கலந்த ஸ்டெயின் காயும்போது காற்றுடன் சேர்ந்து வெப்பத்தை வெளியிடும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சியே இல்லாமல், சில மணி நேரம் கழித்துத் தானாகப் பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்ததற்குக் காரணம், 22-வது மாடியில் விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள்தான். அதில் தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தார்கள்.

அதனால், பயன்படுத்திய துணிகளைத் திறந்த வெளியில், எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில், ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். சமையலறைக் குப்பைக் கூடையிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ சுருட்டிப் போடவே கூடாது. வேலையை ஆளிடம் விட்டிருந்தாலும், சாயங்காலம் அவர் கிளம்பும் முன் 'துணியெல்லாம் எங்கே போட்டீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூசிய பிறகு இரண்டு நாள் யாரும் ஏற வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். அடுத்த ஆண்டு மழை ஓய்ந்ததும் அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். முத்தாக நின்றால் கவலையில்லை. ஊறிவிட்டால், இன்னொரு கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது.