பார்த்தா அணு நின்னுடுமாம்!

"மனசை ஒருமுகப்படுத்தி உத்துப் பார்த்தா அணுவே அசையாது, குவாண்டம் சொல்லுது"ன்னு வகுப்பு நடத்திக் காசு பார்க்கிறவங்களுக்கு ஒரு பி.காம் மாணவனோட பதில் மக்களே.

1977ல மிஸ்ராவும் நம்ம கேரளத்து சுதர்சனும் 'ஸீனோ'ன்னு பேர் வெச்ச சங்கதி இது. 1990ல அமெரிக்காவின் போல்டர்ல இட்டானோ குழு செஞ்சு காட்டினாங்க. சுமார் 5000 பெரிலியம் அயனிகள், 256 மில்லிசெகண்ட் ரேடியோ அலை. சும்மா விட்டா அத்தனையும் அடுத்த மட்டத்துக்குத் தாவிடும். நடுவுல 64 தடவை லேசர் அடிச்சா, ஏறக்குறைய எதுவுமே தாவல. தாவும் வாய்ப்பு ஆரம்பத்துல ரொம்ப மெதுவாத்தான் ஏறும். ஏறுறதுக்குள்ள அடுத்த அடி விழுந்து கணக்கு மறுபடி பூஜ்யத்துல தொடங்குது. பார்த்தது லேசர் ஐயா, எந்த மனசும் இல்ல!

இன்னொண்ணு. 2001ல டெக்சாஸ்ல ரைசன் குழு, ஒளிப்பொறியில இருந்து தப்பிக்கிற சோடியம் அணுக்களை அளந்தாங்க. அளக்கிற இடைவெளியை மாத்தினா தப்பிக்கிறது வேகமாவும் ஆச்சு. இந்தப் பாதியை மட்டும் எந்த நோட்டீஸ்லயும் காணோம் :-)