அகத்தியர் எந்தப் பாட்டில் சொன்னார்?

வாசலுக்குப் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே, செல்போனுக்கு மருத்துவக் குறிப்பு வந்துவிடுகிறது. 'வெந்தயத்தை இப்படி ஊறவைத்தால் சர்க்கரை 48 நாளில் ஓடிவிடும்', 'இந்த இலையை மென்றால் கிட்னிக் கல் கரைந்து வெளியே வரும்', 'டாக்டர்கள் உங்களிடம் மறைக்கும் ரகசியம்'... கூடவே நாலு ரோஜாப்பூ, ஒரு கும்பிடும் கை. கடைசி வரியில், 'பகிருங்கள், ஓர் உயிர் காப்பாற்றப்படலாம்!' நாமும் பகிர்ந்துவிடுகிறோம். கெட்ட எண்ணத்தில் இல்லை, அக்கறையில்தான்.

"நீங்க சித்த வைத்தியர்தானே, உங்களுக்கு இது சந்தோஷமாத்தானே இருக்கணும்?" என்று பலர் கேட்கிறார்கள். மூலிகை, கஷாயம் என்று வீட்டுக்கு வீடு பேசுகிறார்களே! எனக்கு சந்தோஷம் இல்லை. சித்த மருத்துவத்தைத் திட்டுகிறவர்களால் அதற்கு வந்த கெடுதலைவிட, செல்போனில் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களால் வருகிற கெடுதல்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

'இயற்கை மருந்து, பக்கவிளைவே கிடையாது' என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவர் சித்த மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். ஐந்தரை வருடப் படிப்பில் எங்களுக்கு நஞ்சு மருத்துவம் ஒரு தனிப் பாடம். சேராங்கொட்டையையும் நேர்வாளத்தையும் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று பழைய நூல்களே படித்துப் படித்துச் சொல்கின்றன. பக்கவிளைவே இல்லை என்றால், அத்தனை சுத்தி முறைகளை எதற்காக எழுதி வைத்தார்கள்?

2020 ஏப்ரலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கு நேரம். நம் எல்லைக்குப் பக்கத்தில், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், டிக்டாக்கில் வந்த ஒரு வீடியோவை நம்பி ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தார்கள் சிலர். ஊமத்தங்காயின் முள்ளைப் பார்த்தால் கொரோனா கிருமியின் படம் மாதிரி இருக்கிறதாம். அதனால் அது மருந்தாம்! குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்கள். ஊமத்தை நம் மருத்துவத்திலும் உண்டு. எந்தப் பாகம், எவ்வளவு, உள்ளுக்கா வெளிப்பூச்சுக்கா என்பதுதான் படிப்பு. ஒரு நிமிட வீடியோவில் அதெல்லாம் அடங்காது.

அடுத்தது பெயர்க் குழப்பம். நிலவேம்பு என்று கேட்டுவிட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்து இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழாநெல்லி வேறு, மேலாநெல்லி வேறு. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீர்கூட ஒரு செடியின் சாறு அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் நிலவேம்போடு சேர்ந்து மொத்தம் 9 சரக்கு. ஏறக்குறைய 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு, 60 மில்லியாகச் சுண்டவைத்துக் குடிப்பது. போனில் வருவது என்ன? 'ஒரு கைப்பிடி போட்டு தினமும் ஒரு டம்ளர்.' யாருடைய கைப்பிடி? எந்த டம்ளர்? எத்தனை நாள்? கர்ப்பிணிகள் குடிக்கலாமா? ஒன்றும் கிடையாது.

பெயர் மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று. 1990-களின் தொடக்கத்தில், பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாக சிறுநீரகம் கெட்டது. நூறு பேருக்கு மேல். துருவிப் பார்த்தபோது, சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு செடி சேர்ந்திருந்தது தெரிந்தது. அந்தச் செடியின் நெருங்கிய சொந்தம்தான் நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள்! அந்த இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். ஆனால் இன்றைக்கும் 'பூச்சி மருந்து' என்று இந்த இலைச்சாறு வீடியோக்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, 'அகத்தியர் அன்றே சொன்னார்' வகையறா. அகத்தியர், போகர், தேரையர் பெயரைப் போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கச் சொல்கிறேன். எந்த நூல்? எந்தப் பாட்டு? சித்த மருந்து செய்ய ஆதாரமான நூல்கள் எவை என்று 1940-ம் வருடத்து மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே பட்டியல் இருக்கிறது. சித்த வைத்தியத் திரட்டு, ஆத்ம ரட்சாமிர்தம் எல்லாம் அதில் உண்டு. நூல் பெயர் சொல்லத் தெரியாதவர் அகத்தியரை இழுப்பது, வாடகை வீட்டைக் காட்டி 'என் சொந்த வீடு' என்று சொல்லுகிற மாதிரி. இப்போது கம்ப்யூட்டரே கேள்விக்குப் பதில் எழுதித் தருகிறதே, அதனிடமும் கேட்டுப் பார்த்தேன். நோயின் பெயரைச் சொன்னதும் அழகாக நாலு வரிப் பாட்டு எழுதி, பாட்டு எண்ணும் போட்டுக் கொடுத்தது. நூலைப் புரட்டினால் அப்படி ஒரு பாட்டே இல்லை!

சர்க்கரை நோய் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிகக் கோபம்.

கொஞ்ச நாள் முன்பு ஓர் அப்பா, 12 வயதுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். சின்ன வயதிலிருந்தே பையனுக்கு இன்சுலின் ஊசி. அப்பா போனை நீட்டினார். "இதைப் பாருங்க டாக்டர். இந்தப் பொடியைச் சாப்பிட்டா இன்சுலினே வேண்டாம்னு சொல்றாங்க. உங்க சித்த வைத்தியம்தான். நேத்துக் காலையிலேர்ந்து ஊசி போடலை." பையன் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். மூச்சு வேகமாக வாங்குகிறது. வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. நாடி பார்க்க உட்கார்ந்திருந்தால் பையன் போயிருப்பான். வந்த ஆட்டோவிலேயே ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அங்கே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அப்பா படிக்காதவர் இல்லை. பேங்க் உத்தியோகம். மகனுக்குத் தினமும் ஊசி குத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த வலியைத்தான் வீடியோக்காரர் காசாக்குகிறார்.

அந்தப் பையனுக்கு இருப்பது கணையத்தில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன வகை. அதற்கு இன்சுலினுக்குப் பதில் வேறு மருந்து சித்தத்திலும் இல்லை, எதிலும் இல்லை. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு வகை. அதில் சிறுகுறிஞ்சான், ஆவாரை போன்றவை உதவும், நானும் கொடுக்கிறேன். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் இதையும் சேர்த்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டு விழலாம். மாத்திரை தரும் டாக்டருக்கும் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

'48 நாளில் குணம்' என்கிறார்களே, அந்த 48 எங்கிருந்து வந்தது? ஒரு மண்டலம் என்பது நாங்கள் மருந்து கொடுக்கும் கால அளவு. குணமாகிவிடும் என்பதற்கான கெடு அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் 'எச்பிஏ1சி' பரிசோதனையே ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யவே கூடாது. சர்க்கரையும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆக, 'கேரண்டி' என்று ஒருவர் சொன்ன மாத்திரத்திலேயே அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆள் யார் என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் செய்ய மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் சுவரிலேயே மாட்டியிருக்கிறேன். 'பரம்பரை வைத்தியர்' என்ற போர்டையும் வெள்ளைக் கோட்டையும் மட்டும் பார்த்து மயங்காதீர்கள். இப்போது பிரபலமான டாக்டர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் போலியாகச் செய்து, அவரே மருந்து விற்பதுபோல விளம்பரம் விடுகிறார்கள். டாக்டருக்கே அது தெரியாது! வீடியோவின் கடைசியில் எதையாவது வாங்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முதல் ஒன்பது நிமிடம் இலவச ஆலோசனை, பத்தாவது நிமிடம் 'ஸ்கிரீனில் வரும் நம்பருக்கு...' என்றால், அந்த ஒன்பது நிமிடமும் விளம்பரம்தான். இது மூலிகைக்கு மட்டுமில்லை. புரோட்டீன் பவுடருக்கும் 'டீடாக்ஸ்' பானத்துக்கும் இதே கதைதான்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு ஒரு செய்தி வந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவர் உங்கள் சித்தியாக இருக்கலாம். எழுதியவர் சித்தி இல்லை. சித்தியின் மேல் உள்ள நம்பிக்கையை முகம் தெரியாதவருக்குக் கொடுத்துவிடுகிறோம். 2018 ஜூலையில் திருப்பூரில், இணைய வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஓர் இளம்பெண் உயிரை விட்டாள். அங்கேயும் நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள்.

'அப்போ போனைத் தூக்கி எறிஞ்சிடலாமா?' வேண்டாம். முகம் கோணி, கை விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, கணவரை நேரத்துக்குக் கொண்டு சேர்த்த அம்மாவையும் எனக்குத் தெரியும். அந்த வீடியோ எதையும் விற்கவில்லை, 'டாக்டரிடம் போ' என்றது. அதுவே ஒரு நல்ல அடையாளம்.

விஷயம் தெரிந்தவர்களே ஒருவரோடு ஒருவர் மோதும்போது என்ன செய்வது? சீந்தில் கொடியைப் பாருங்கள். கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பு என்று நாடே குடித்தது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடி மாறியிருக்கலாம், சீந்தில் மாதிரியே இன்னொரு கொடி உண்டு என்றது. 2022-ல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி இன்னோர் ஆய்வு வெளியிட்டன. எங்கள் ஆட்கள் பலர் இதைச் சித்த மருத்துவத்துக்கு எதிரான சதி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சீந்தில் நல்ல மருந்து, என் கிளினிக்கில் இன்றும் இருக்கிறது. ஆனால் கல்லீரல் நோய் உள்ளவருக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவருக்கும் நான் கொடுப்பதில்லை. சண்டை முடிகிற வரை மருந்தும் பொறுமையாக இருக்கட்டும், என்ன இப்போது!

கடைசியாக, கேள்வியோ பதிவு எண்ணோ வேண்டாத ஒரு பரிசோதனை. காலையில் சுரைக்காய் சாறு குடிக்கிறவர்கள் கேளுங்கள். 2010-ல் டெல்லியில் கசப்பான சுரைக்காய் சாறு குடித்த ஒருவர் இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஒரு வல்லுநர் குழு போட்டு ஆராய்ந்தது. சுரைக்காயில் சில சமயம் ஒரு கசப்பு நஞ்சு அதிகமாகிவிடும். 'கசப்பா இருந்தாதான் சர்க்கரைக்கு நல்லது' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடாதீர்கள். வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். குடித்தபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், மோர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மீதிச் சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பொடியாக இருந்தால் பாக்கெட்டோடு, செடியாக இருந்தால் ஒரு கிளையோடு. நீங்கள் பார்த்த அந்த வீடியோவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.