புதிய விளையாட்டுக் கருவியும் எம் பிள்ளைகளின் மொழியும்

புலம்பெயர்ந்து வாழும் எமது இல்லங்களில், பிள்ளைகள் அதிக நேரம் கூடியிருக்கும் இடம் எது என்று கேட்டால், அது தொலைக்காட்சிக்கு முன்னால் உள்ள இடமே என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அந்தத் தொலைக்காட்சியோடு இணைந்திருப்பது, எம்மவர் வீடுகளில் பொதுவாகக் 'கேம்' என்று அழைக்கப்படும் விளையாட்டுக் கருவி. 2025 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் ஜப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ 'சுவிட்ச் 2' என்ற புதிய கருவியை வெளியிட்டது. முதல் நான்கு நாட்களிலேயே உலகெங்கும் 35 இலட்சத்துக்கும் அதிகமான கருவிகள் விற்பனையாகின. வட இலண்டனின் ஆர்ச்வே பகுதியில் வாழும் எமது குடும்பங்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

கணினித்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், பெற்றோர் பலர் என்னிடம் இக்கருவி பற்றி வினவியதுண்டு. "வாங்கிக் கொடுக்கலாமோ? படிப்புக் கெட்டுப் போகுமோ? முன்பின் தெரியாதவர்களோடு கதைப்பார்களோ?" என்பன அவர்களின் கேள்விகள். இவை அனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றை விட முக்கியமான ஒரு கேள்வியை இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. இந்தக் கருவியின் முன்னால் அமர்ந்திருக்கும்போது எமது பிள்ளை எந்த மொழியில் பேசுகிறது? இக்கட்டுரையின் நோக்கம் அந்தக் கேள்வியை எழுப்புவதே. அதற்கு முன், கருவியைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவது பயனுள்ளதாக இருக்கும்.

கருவி எப்படி இருக்கிறது?

2017 மார்ச்சில் வெளிவந்த முதலாவது சுவிட்சின் வழித்தோன்றல் இது. கையில் வைத்தும் விளையாடலாம். தாங்கியில் பொருத்தித் தொலைக்காட்சியிலும் விளையாடலாம். முன்னையதன் திரை 6.2 அங்குலம், இதன் திரை 7.9 அங்குலம். உள்ளக நினைவகம் 32 கிகாபைற்றிலிருந்து 256 கிகாபைற்றாக உயர்ந்துள்ளது. இரு பக்கங்களிலும் உள்ள கைப்பிடிகள் இப்போது காந்தத்தினால் ஒட்டிக்கொள்கின்றன. பழைய கருவிக்கு வாங்கிய ஆட்டங்களில் பெரும்பாலானவை இதிலும் இயங்குவது பெற்றோருக்கு ஓர் ஆறுதல்.

விலையைப் பொறுத்தவரை ஆறுதல் குறைவு. வெளிவந்தபோது பிரித்தானியாவில் கருவியின் விலை 395.99 பவுண்டுகள், 'மரியோ கார்ட் வேர்ல்ட்' என்ற ஓட்டப்பந்தய ஆட்டத்துடன் சேர்த்து 429.99 பவுண்டுகள். அந்த ஆட்டத்தைத் தனியே பெட்டியில் வாங்கினால் 74.99 பவுண்டுகள். முதலில் கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கி, பின்னர் ஆட்டங்களின் விலை கண்டு திகைக்கும் குடும்பங்கள் உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மேலும், பழைய மைக்ரோ எஸ்டி நினைவக அட்டைகளில் இக்கருவியின் ஆட்டங்களைச் சேமிக்க முடியாது. 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' என்ற புதிய வகை அட்டையே தேவை. சில ஆட்டங்களின் பெட்டியில் உள்ள அட்டை வெறும் திறவுகோல் மட்டுமே. ஆட்டத்தை இணையத்திலிருந்து தரவிறக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் வாசித்துப் பாருங்கள்.

ஒரு பொறியியலாளனாக என்னைக் கவர்ந்தது வேறொன்று. கருவியோடு வரும் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி, ஆளுக்கொன்றாக இருவர் விளையாடலாம். மேலதிகக் கைப்பிடிகள் இருந்தால் மரியோ கார்ட் ஆட்டத்தில் நால்வர் ஒரே தொலைக்காட்சியில் போட்டியிடலாம். அதாவது, ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்து விளையாடக்கூடியதாகவே இது வடிவமைக்கப்பட்டுள்ளது. இதில் வியப்பில்லை. நின்ரெண்டோ 1889 இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தொடங்கியபோது அது சீட்டுக்கட்டுச் செய்யும் நிறுவனமாகவே இருந்தது. சீட்டாட்டத்தின் இன்பம் சீட்டில் இல்லை. எதிரே இருக்கும் ஆளில்தான் இருக்கிறது. விடுமுறை நாட்களில் மாமாமாரும் சித்தப்பாமாரும் கூடியிருந்து 304 ஆடியதைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை

நின்ரெண்டோ என்றாலே சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. அது சரியன்று. இக்கருவி வெளியான அதே நாளில், மூன்று வயதினருக்கும் ஏற்றதெனத் தரப்படுத்தப்பட்ட மரியோ கார்ட் ஆட்டமும் வந்தது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமான 'சைபர்பங்க் 2077' ஆட்டமும் வந்தது. பெட்டியில் உள்ள 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் ஆட்டத்தின் கடினத்தைக் குறிப்பன அல்ல; உள்ளடக்கம் எவ்வயதினருக்கு ஏற்றது என்பதையே குறிக்கின்றன. 12, 16, 18 என்று குறிக்கப்பட்ட பெட்டிகளை அவ்வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடைகள் விற்பது 2012 முதல் பிரித்தானியாவில் சட்டப்படி குற்றமாகும். கடைக்காரர் விற்க மறுப்பதை, பிள்ளை கேட்டதற்காகப் பெற்றோரே வாங்கிக் கொடுப்பதில் பொருளில்லை.

இரண்டாவது, உரையாடல் வசதி. வலது கைப்பிடியில் 'சி' என்ற பொத்தான் உள்ளது. அதை அழுத்தினால், விளையாடிக்கொண்டே பன்னிரண்டு பேர் வரை குரல்வழி உரையாடலாம். 2026 மார்ச் 31 வரை இலவசம் என்றும் அதன் பின்னர் சந்தா தேவை என்றும் நிறுவனம் அறிவித்திருந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் இதைப் பாவிக்க, பெற்றோர் தமது கைத்தொலைபேசியில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியின் மூலம் அனுமதி வழங்க வேண்டும். யாருடன் பேசலாம் என்பதையும் பெற்றோரே ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு நேரம், இரவில் எத்தனை மணி வரை, எவ்வயதுக்குரிய ஆட்டம் என்பவற்றையும் அதே செயலியில் தீர்மானிக்கலாம். இவ்வளவு வசதி இருந்தும், பல வீடுகளில் இச்செயலியை நிறுவிக் கொடுப்பது பிள்ளைதான். கடவுச்சொல்லும் பிள்ளைக்கே தெரியும். திறப்பைத் திருடனிடம் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது போன்றது இது.

மூன்றாவது, அச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 சனவரி முதல் விளையாட்டுக் கோளாறு என்பது இடம்பெற்றுள்ளது உண்மையே. ஆனால் கட்டுப்பாட்டை இழத்தல், ஏனைய அனைத்தையும் விட விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் வழமையாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்தால்தான் அது கோளாறு எனப்படும். சனிக்கிழமை இரண்டு மணிநேரம் விளையாடிய பிள்ளையை அடிமையாகிவிட்டான் என்று உறவினர் முன்னிலையில் ஏசுவது, அவனை எம்மிடமிருந்து விலக்குமேயன்றி விளையாட்டிலிருந்து விலக்காது. உண்மையிலேயே ஐயம் எழுந்தால், குடும்ப மருத்துவரை நாடுங்கள். இத்தகையோருக்கான தேசிய சுகாதார சேவையின் சிறப்பு நிலையமொன்று 2019 இல் இலண்டனில் தொடங்கப்பட்டது.

விளையாட்டும் மொழியும்

இப்போது முதன்மையான கேள்விக்கு வருவோம்.

என் வயதையொத்தோர் பலர் 1990 களின் முற்பகுதியில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எமது விளையாட்டு கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் போளையும்தான். அக்காலத்தை இங்கு நினைவூட்டுவது, அது இன்றையதை விடச் சிறந்தது என்று காட்டுவதற்கன்று. துன்பம் நிறைந்த காலம் அது. அது எம் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் அக்காலம் ஓர் உண்மையை உணர்த்தியது: நாம் தமிழைப் பேசக் கற்றது வகுப்பறையில் மட்டுமல்ல, வளவிலும்தான். கை பட்டதா, படவில்லையா என்று வாதாடியபோதுதான் நாவன்மை வந்தது. ஏமாற்றியவனை "அளாப்பி" என்று கத்தியபோது சொல் உயிர் பெற்றது. கோபித்துச் சென்றவனைச் சமாதானப்படுத்தியபோது கெஞ்சும் தமிழ் வந்தது.

இன்று இலண்டனில் பிறந்து வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு 'அளாப்பி' என்ற சொல் தெரியும்? வாரமொருமுறை நடைபெறும் தமிழ்ப் பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்கள் அரும்பாடுபட்டு எழுத்தையும் இலக்கணத்தையும் கற்பிக்கின்றனர். அவர்கள் போற்றுதலுக்குரியவர்கள். ஆயினும் வாதாடும் தமிழை, கேலி செய்யும் தமிழை, தோற்றவனைத் தேற்றும் தமிழை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது. அது விளையாட்டில் மட்டுமே வரும். எமது பிள்ளைகளின் விளையாட்டோ முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ்கிறது.

1986 இல் நிறுவப்பட்டு, ஆர்ச்வே முருகன் கோயில் என்று எம்மவரால் அன்புடன் அழைக்கப்படும் ஹைகேற் முருகன் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் சென்று பாருங்கள். வேட்டியும் பாவாடையும் அணிந்து வரும் எம் சிறார்கள் பூசையின்போது தேவாரத்தைத் தமிழில் பாடுகின்றனர். வெளியே வந்ததும், எந்தப் பாதையில் எவர் முந்தினார் என்று மரியோ கார்ட் பற்றி ஆங்கிலத்தில் வாதிடுகின்றனர். தமிழ் அவர்களுக்கு வழிபாட்டு மொழியாகவும் தேர்வு மொழியாகவும் இருக்கிறது; மகிழ்ச்சியின் மொழியாக இல்லை. மகிழ்ச்சி இல்லாத மொழி அடுத்த தலைமுறையில் நிலைக்காது.

மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை

புதிய கருவியை முதன்முதலில் இயக்கியதும் அது கேட்பது, உமது மொழி எது என்பதே. ஆங்கிலம், பிரெஞ்சு, யேர்மன், ஜப்பானியம், கொரியம், சீனம் என நீளும் அப்பட்டியலில் தமிழ் இல்லை. இது தொழில்நுட்பத் தடை அன்று. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 தமிழைக் காட்டியது. 2014 இல் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் தமிழ் இடைமுகம் வந்தது. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் காட்டும் ஒரு கருவிக்கு எமது 247 எழுத்துகள் பாரமாகா. கேட்பவர் தொகை தெரியாதவரை எந்த நிறுவனமும் தானாக முன்வராது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். கேட்பது எமது கடமை.

ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. கனடாவின் ரொறன்ரோவில், தமிழ் இளைஞர் ஒருவர் வழிநடத்திய 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 யூலையில் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980 களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் கதை அது. சிதைந்துபோன குடும்பச் சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்டலியும் புட்டும் செய்யும் முறையை விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். சமையலின் ஊடே, மகன் சிறிது சிறிதாகத் தாயின் மொழியிலிருந்து விலகிச் செல்வதையும் காண்கிறோம். சுவிட்ச் உள்ளிட்ட கருவிகளுக்கு வந்த இவ்வாட்டம், 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்துக்குள் இதை ஆடி முடித்துவிடலாம். தாயும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து ஆடுங்கள். முடிந்தபின் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே! கருவியை வாங்குவதா இல்லையா என்பது உங்கள் வசதியையும் வீட்டின் ஒழுங்கையும் பொறுத்தது. வாங்குவதாயின், பிள்ளையின் படுக்கையறையில் அன்றி வரவேற்பறையில் வையுங்கள். கட்டுப்பாட்டுச் செயலியை நீங்களே நிறுவுங்கள். அதன்பின், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் ஒதுக்கி, இரண்டாவது கைப்பிடியை நீங்கள் எடுங்கள். அந்த மாலையில் ஆட்டத்தின் மொழி தமிழாக இருக்கட்டும். "இடப்பக்கம் வெட்டு!", "பின்னால வாறான், பார்!", "நீ அளாப்பிறாய்!" என்று கத்துங்கள். நீங்கள் தோற்பீர்கள், அது நல்லது. அம்மாவை வென்ற பிள்ளை அதை அம்மம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல விரும்பும். அம்மம்மாவிடம் சொல்லத் தமிழ் வேண்டும்.

இளையோரே! உங்களில் பலர் கணினியியல் கற்கிறீர்கள். 2023 இல் வெளிவந்த 'கொடோ 4' என்ற ஆட்ட உருவாக்க மென்பொருள் கட்டணமற்றது, திறந்த மூலமானது. மெய்யெழுத்தின் இருபுறமும் குறி பெறும் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளையும் அது முறையாகக் காட்டும். கிளித்தட்டை ஓர் ஆட்டமாக்குங்கள். 304 ஐத் துரும்பு கேட்கும் தமிழோடு திரைக்குக் கொண்டுவாருங்கள். விதிகள் தெரியாவிட்டால் உங்கள் அப்பப்பாவிடம் கேளுங்கள். அவர் மணிக்கணக்கில் விளக்குவார். கருவி செய்யும் நிறுவனங்களுக்குத் தமிழ் கேட்டுக் கடிதம் எழுதுவதையும் நீங்களே முன்னின்று செய்யுங்கள். அவர்களின் வாடிக்கையாளர்கள் நீங்கள்தான். உங்கள் குரலுக்கே அங்கு மதிப்பு அதிகம்.

கருவியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும் அதிகாரம் இன்று எமது கையில் இல்லை. கருவிக்கு முன்னால் உள்ள இருக்கையில் தமிழை அமர்த்தும் அதிகாரம் எமது கையில் இருக்கிறது. இந்த வார இறுதியிலேயே அதைத் தொடங்கலாம்.