நவம்பர் வரும் என்று யாருக்கும் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்று மாசு காரணமாகத் தில்லியில் விளையாட்டுப் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்ட செய்தியைக் 2025 நவம்பரில் உங்கள் நாளிதழில் படித்தேன். தள்ளிவைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதை எங்கும் படிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து லீக் ஒன்றில் லெஃப்ட் பேக் ஆடுகிறான். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: மறுநாள் காலை ஏழரைக்கு மேட்ச், மைதானமும் மாறியிருக்கிறது. அதே சனிக்கிழமை பள்ளிகளுக்கு இடையிலான ஜோனல் போட்டி. அணியின் பதினாறு பையன்களில் பத்துப் பேர் தத்தம் பள்ளி அணியிலும் இருக்கிறார்கள். ஜோனலுக்குப் போகாவிட்டால் பி.டி. மாஸ்டர் அணியிலிருந்து பெயரை அடித்துவிடுவார். லீக்குக்குப் போகாவிட்டால் புள்ளி போய்விடும். எதை விடுவது என்று அந்த இரவு நேரத்தில் முடிவு செய்ய வேண்டியவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

காலையில் மைதானத்துக்குப் போனோம். இந்தக் கோல் போஸ்ட் அருகே நின்றால் எதிர்க் கோல் போஸ்ட் தெரியவில்லை. காற்றுத் தரக் குறியீடு 350-க்கு மேல் என்று 'சமீர்' செயலி காட்டியது. அந்த அளவுக்கு 'மிக மோசம்' என்று பெயர். ஓர் அணியில் குறைந்தது ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது கால்பந்து விதி. எங்கள் பக்கம் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு எதிரணிக்கு வாக்ஓவர் கொடுத்தார். ஜெர்சியும் ஷின்கார்டும் அணிந்து நின்ற ஆறு பையன்கள், பந்தைத் தொடாமலே 3-0 என்று தோற்றார்கள். அவர்களில் ஒருவன் கையில் இன்ஹேலர். "ஆடித் தோத்திருந்தாக்கூடப் பரவாயில்லைம்மா" என்றான் என் மகன்.

நவம்பர் 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பள்ளிகளின் திறந்தவெளிப் போட்டிகளைக் காற்று நன்றாக இருக்கும் மாதங்களுக்கு மாற்றுவதைப் பரிசீலிக்குமாறு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்திடம் சொன்னது. இரண்டொரு நாளிலேயே நவம்பர், டிசம்பர் போட்டிகளைத் தள்ளிவைக்க ஆணையம் உத்தரவிட்டது. பெற்றோர் என்ற முறையில் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் எந்தத் தேதிக்குத் தள்ளிவைப்பது என்பதை மேலிருந்து கீழ்வரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியில் மறுபடியும் ஒரு வாட்ஸ்அப் தகவல்: மீதி ஐந்து ஆட்டங்களும் ஜனவரியின் மூன்று வார இறுதிகளில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ப்ரீ-போர்டு நேரம். சி.பி.எஸ்.இ. செய்முறைத் தேர்வுகள் 2026 ஜனவரி 1-இல் தொடங்கின. பிப்ரவரி 17 முதல் எழுத்துத் தேர்வு. ஜனவரிக் காற்று மட்டும் என்ன, தேவலோகத்துக் காற்றா?

தில்லியில் நவம்பர் புகைமூட்டம் யாரும் எதிர்பாராமல் வருகிற நிலநடுக்கம் அல்ல. 2016 நவம்பரிலேயே பெரோஸ் ஷா கோட்லாவில் வங்கமும் குஜராத்தும் ஆட இருந்த ரஞ்சி ஆட்டமும், கர்னைல் சிங் மைதானத்தில் ஹைதராபாத்தும் திரிபுராவும் ஆட இருந்த ஆட்டமும் புகையால் கைவிடப்பட்டன. 2017 டிசம்பரில் இலங்கை வீரர்கள் முகக்கவசத்தோடு டெஸ்ட் ஆடியதை உலகமே பார்த்தது. பத்து ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, அச்சடித்த அட்டவணையைக் கையில் கொடுத்த பிறகு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மாற்ற முடியாது என்பதும் உண்மையல்ல. நவம்பரில் நடந்துகொண்டிருந்த தில்லி அரை மாரத்தான் 2018 முதல் அக்டோபருக்கு வந்துவிட்டது. கோவிட் காலம் போக, அங்கேயே இருக்கிறது. 2025-இல் கிரிக்கெட் வாரியம், நவம்பரில் தில்லியில் நடக்க வேண்டிய தென்னாப்பிரிக்கா டெஸ்டைக் கொல்கத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, அக்டோபர் 10-இல் தொடங்கிய மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டைத் தில்லிக்குக் கொண்டுவந்தது. காரணத்தை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுப்ரதோ கோப்பைப் பள்ளிக் கால்பந்துகூட 2025 ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்தது. ஸ்பான்சரும் பெயரும் உள்ள போட்டிக்கு நாட்காட்டி வளைந்து கொடுக்கிறது. பேட்டைப் பிள்ளைகளின் லீக்குக்கு மட்டும் வளைய மறுக்கிறது.

அமைப்பாளர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. மே, ஜூனில் வெயில் 45 டிகிரி; பள்ளிகளுக்கும் விடுமுறை. ஜூலை, ஆகஸ்டில் மழை வந்தால் மைதானம் குளமாகும். அக்டோபர் அருமையான மாதம். ஆனால் அப்போது ராம்லீலாவுக்கு மைதானங்களில் பந்தல் போட்டுவிடுவார்கள். பந்தல் பிரித்த குழிகளை மூடுவதற்குள் கல்யாண சீசன் வந்துவிடும். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்ச நாட்கள்தான். நாட்கள் குறைவு என்பதாலேயே திட்டம் முன்கூட்டியே வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்கம், விளையாட்டுச் சங்கம் ஒரு பக்கம், தனியார் லீக் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு அட்டவணை போட்டால், மூன்றும் வந்து மோதுவது ஒரே பையனின் முதுகில்தான்.

துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலா 2018-இல் பத்தாம் வகுப்பு மாணவர். சர்வதேசப் போட்டிகளோடு மோதிய தேர்வுகளை வேறு தேதியில் எழுத சி.பி.எஸ்.இ. அவருக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டே பதினைந்து வயதில் காமன்வெல்த் தங்கத்தோடு திரும்பினார். நல்ல முடிவு. ஆனால் பதக்கம் வாங்கும் பிள்ளைக்குச் சலுகை கிடைத்தால் போதுமா? ஆட மட்டுமே விரும்புகிற பிள்ளைக்கு ஒழுங்கான விதி வேண்டாமா?

நாங்கள் கேட்பது நான்குதான்.

ஒன்று, கல்வித் துறை, பள்ளி விளையாட்டு அமைப்புகள், மாநிலச் சங்கங்கள் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து, கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே ஒரே பொது அட்டவணையை வெளியிட வேண்டும். தனியார் லீக்குகள் அதைப் பார்த்துத் தங்கள் தேதியைப் போடட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை திறந்தவெளிப் போட்டி எதுவும் அதில் இருக்கக் கூடாது.

இரண்டு, தேதியோ மைதானமோ மாறினால் ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

மூன்று, பள்ளிப் போட்டியும் லீக் ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் எது தள்ளிப்போகும் என்பது விதியாக இருக்க வேண்டும். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், பிறகு வாக்ஓவர் கொடுத்துத் தண்டிப்பதும் கூடாது.

நான்கு, தள்ளிவைக்கும் உத்தரவிலேயே மாற்றுத் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி ப்ரீ-போர்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவே விழக் கூடாது. நாள் இல்லை என்றால், நடந்தவரை உள்ள புள்ளிகளை வைத்து லீக்கை முடித்துவிடலாம்.

2022 மே மாதம், ஓர் அதிகாரி நாயோடு நடைபயில வசதியாகத் தியாகராஜ் ஸ்டேடியத்தில் வீரர்கள் மாலை ஏழு மணிக்கே வெளியேற்றப்படுகிறார்கள் என்று ஒரு நாளிதழ் எழுதியது. செய்தி வந்த அன்றே, தில்லி அரசின் விளையாட்டரங்குகள் எல்லாம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்று உத்தரவு வந்தது. பத்திரிகை கேட்டால் அரசின் காதில் விழும் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த கல்வியாண்டு அட்டவணைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நவம்பர் எப்போது வரும் என்பது இப்போதே தெரியும்.

இப்படிக்கு,
கால்பந்து ஆடும் ஒரு மாணவனின் தாய்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி.